காற்றில் ஒரு கத்தரி

இராஜேஸ்வரிக்கு வாய் வேகம் என்றால், கொழுந்தெடுக்கிற கை அதைவிட வேகம். கலஹாவுக்கு மேலே இருக்கிற அந்தத் தோட்டத்தில், மற்றவர்கள் பதினெட்டு கிலோவுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது அவள் இருபத்தெட்டை நிறுத்துவிட்டு, "முள்ளு சரியா நிக்குதான்னு பாருங்க, போன தரம் ஒரு கிலோவ முழுங்கிட்டீங்க" என்று தராசுக்காரரோடு ஒரு சண்டையும் போட்டுவிட்டுத்தான் நகருவாள். சும்மா சொல்லக்கூடாது, சண்டையிலும் அவள்தான் ஜெயிப்பாள்.

அதனால்தான் இரண்டாயிரத்து ஏழாம் வருசம் கண்டியில் இருந்து ஒரு கம்பனி, "கொழுந்து வெட்டுகிற கத்தரி ஒன்று புதிதாகச் செய்கிறோம், பிடித்துப் பார்த்துச் சொல்ல நல்ல கைகாரி ஒருத்தி வேண்டும்" என்று கேட்டபோது, கங்காணி வீரையா தலையைச் சொறியாமல் அவள் பெயரைக் கொடுத்தார்.

"வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை டவுனுக்குப் போகணும். அன்னிக்கும் பேர் விழும், கூலி உண்டு. யாருக்குக் கெடைக்கும் இந்த யோகம்?" என்றார்.

லயத்து வரிசை வீடுகள் மொத்தமும் பொறாமைப்பட்டன. இராஜேஸ்வரி மட்டும் வலது கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

ஏன் என்று கேட்டால், அவளுக்கு வலது கையில் கட்டை விரலும் அதற்கடுத்த இரண்டு விரலும் இரண்டு வருசமாக மரத்துக் கிடந்தன. ரொட்டிக் கல்லில் விரல் பட்டு, தோல் கருகி வாடை வந்த பிறகுதான் சுட்டதே தெரியும். சட்டைப் பொத்தானைப் போடக் கண்ணாடி வேண்டும். கொழுந்து மட்டும் எப்படி எடுத்தாள் என்றால், கண் பார்க்கும், கை பழக்கத்தில் போகும், அவ்வளவுதான். விரல் போய் இரண்டு வருசமாகியும் அவளை முந்த ஆளில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதை அவள் ஒரு உயிருக்கும் சொல்லவில்லை. சின்னப் பிள்ளையாக இருக்கும்போது கடைசி வீட்டு அம்மா ஒருத்திக்கு இப்படித்தான் விரல் மரத்தது. பெரிய வியாதி, குஷ்டம் என்றார்கள். வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போனது. அதற்குப் பிறகு அந்த வீட்டுப் பீலிக் குழாயில் யாரும் தண்ணீர் பிடிக்கவில்லை. அந்தக் குடும்பம் தோட்டத்தை விட்டே போய்விட்டது. அதை இராஜேஸ்வரி மறக்கவில்லை. தினமும் காலையில் கண்ணாடியை ஜன்னலில் சாய்த்துவைத்து, முகத்தில் வெளுத்த தேமல் ஏதும் தெரிகிறதா என்று தேடிவிட்டுத்தான் பேர் வாசிக்கிற பெரட்டுக்குப் போவாள். கொழும்பில் கடையில் வேலை செய்கிற புருசனுக்குத் தெரியாது. ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற கிறேஸுக்கும் தெரியாது. கிறேஸோடு அவள் கறி பகிர்ந்தாள், நெருப்புப்பெட்டி பகிர்ந்தாள், ஊர்வம்பு ஒன்று விடாமல் பகிர்ந்தாள். இது ஒன்றுதான் பாக்கி.

யுத்தம் நடந்த அந்தக் காலத்தில் டவுனுக்குப் போவதென்றால் சும்மாவா? பேராதனையில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்குவார்கள். அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு வரிசையில் நடக்கவேண்டும். பையைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள். தமிழ்ப் பெயரைக் கண்டால் இரண்டு கேள்வி கூட. அதையெல்லாம் தாண்டி, கட்டுகஸ்தோட்டை ரோட்டில் ஒரு மாடிக் கட்டடத்தில் ஏறினால், மேலே இரண்டு பேர்.

ஒருவர் விவேகானந்தன். யாழ்ப்பாணத்து எஞ்சினியர், முப்பது வயசிருக்கும். போன வருசம் யாழ்ப்பாணப் பாதையை மூடியதில் இருந்து கோப்பாயில் இருக்கிற தாய் தகப்பனைப் பார்க்கவில்லை. டெலிபோனில் குரல் கேட்பதோடு சரி. மற்றவர் மஹ்ரூப், அக்குறணைக்காரர். வயர், பலகை, மெஷின் எல்லாம் அவர் பொறுப்பு.

மேசையில் ஒரு கையுறை கிடந்தது. அதன் முதுகெல்லாம் வயர்.

"இது துறைமுகத்தில நாலு மாசம் கிடந்தது, அக்கா," என்றார் விவேகானந்தன். "வயரைக் கண்டிட்டு விடமாட்டன் எண்டிட்டாங்கள். போடுங்கோ, பயப்பிடாதேங்கோ."

போட்டாள். முன்னாலிருந்த திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு கை முளைத்தது. இவள் விரலை ஆட்டினால் அது ஆட்டியது. பக்கத்தில் ஒரு கத்தரி அந்தரத்தில் நின்றது.

"அதைப் பிடியுங்கோ."

"இல்லாத கத்தரியைப் பிடிக்கச் சொல்றீங்களே சார், இது என்னா கூத்து?"

"ஓம், இல்லாததைத்தான் பிடிக்கவேணும். செய்து முடிச்ச பிறகு பிழை எண்டால் இரும்பு வீண். இதில பிழை எண்டால் ஒரு கோட்டை அழிச்சாச் சரி."

காற்றில் கையை மூடினாள். திரையில் கை கத்தரியைப் பிடித்தது. கையுறைக்குள் ஒவ்வொரு விரல்நுனியிலும் ஒரு சின்னக் குமிழ் இருந்தது. திரையில் விரல் பிடியில் பட்டால் அந்தக் குமிழ் நிஜ விரலை அமத்தும். கத்தரியின் சுருள் வில் இறுக்கமாக இருந்தால் இன்னும் பலமாக அமத்தும். சுண்டு விரலில் கோழிக்குஞ்சு கொத்தியதுபோல் ஒன்று பட்டதும் இராஜேஸ்வரிக்கு மயிர்க்கூச்செறிந்தது. அம்மாடி, இல்லாத ஒன்று இப்படிப் படுமா! மோதிர விரலிலும் பட்டது. மற்ற மூன்று விரலில் ஒன்றுமே இல்லை.

"படுதோ அக்கா?"

துரைமார், கிளாக்கர்மார், டிஸ்பென்சர் ஐயா என்று எத்தனையோ பேர் முன்னால் நின்று பழகிய நாக்கு. அவளைக் கேட்காமலே சொல்லிவிட்டது.

"படுதுங்க சார்."

"எல்லா விரலிலயும்?"

"எல்லாத்துலயும்ங்க."

"எவ்வளவு அமத்துது? ஒண்டிலயிருந்து பத்துக்குள்ள சொல்லுங்கோ."

இங்கேதான் மாட்டிக்கொண்டாள் என்று நினைப்பீர்கள். இராஜேஸ்வரி லேசுப்பட்ட ஆளா? திரையைப் பார்த்தாள். விரல் படுகிற இடமெல்லாம் சிவந்திருந்தது. வில் இறுகினால் சிவப்பும் கூடியது. கொஞ்சம் சிவந்தால் மூன்று, நல்லாய்ச் சிவந்தால் நாலு என்று தனக்குள் ஒரு கணக்கு வைத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். அதற்கு மேலே சொன்னால் வலிக்கிறது என்று அர்த்தம். வலிக்கிறது என்றால் காட்டு என்பார்கள், காட்டினால் டொக்டர் என்பார்கள். ஆக, நாலுக்கு மேல் வாயே திறப்பதில்லை.

விவேகானந்தனுக்கு வாயெல்லாம் பல். "உங்கட கை கை இல்லை அக்கா, அளவுகோல்," என்றார். வில்லை இறுக்கினால்தான் வெட்டு சுத்தமாக விழும் என்று அவருக்கு ஆசை. இவளோ எவ்வளவு இறுக்கினாலும் நாலு என்கிறாள். பிறகென்ன, கிழமைக்குக் கிழமை இறுக்கிக்கொண்டே போனார்.

உள்ளதைச் சொன்னால் அந்த வெள்ளிக்கிழமைகள் அவளுக்குப் பிடித்துப்போயின. அட்டைக்கடி இல்லை, மழை இல்லை. சுற்றுகிற கதிரையில் உட்கார்ந்து யாரும் பார்க்காத நேரம் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்ளலாம். மஹ்ரூப் வீட்டிலிருந்து கட்லெட் கொண்டுவருவார். "எங்கட வீட்டாள் சுட்டது, திண்டுபோட்டு நல்லாயில்லண்டு செல்லுங்க பாப்பம்," என்பார். தேத்தண்ணீரை இவளே ஊற்றித் தருவாள். "எங்க தோட்டத்துத் தூளா இருந்தா இப்படியா சாயம் இருக்கும்?" என்று அதற்கும் ஒரு குறை சொல்வாள். மூன்று பேரும் சிரிப்பார்கள்.

ஆறாவது கிழமை விவேகானந்தன் பென்சிலை வைத்துவிட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டார்.

"வரைபடம் முடிஞ்சுது. அடுத்த மாசம் முந்நூறு கத்தரி அடிக்கக் குடுக்கிறம். ஆறு தோட்டத்துப் பெண்டுகள் பாவிக்கப்போகினம். எல்லாம் உங்கட கையை நம்பித்தான் அக்கா."

இராஜேஸ்வரி தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். முந்நூறு கத்தரி. முந்நூறு பொம்பளைகள். காலையில் இருந்து சாயந்தரம் வரைக்கும் அந்த வில்லை அமத்தப்போகிறார்கள். அந்த இறுக்கம் தாங்குமா தாங்காதா என்று கடவுளுக்குத்தான் தெரியும். இவளுக்குத் தெரியாது, ஏனென்றால் இவள் ஒரு நாளும் அதைத் தொட்டதேயில்லை. சே, என்ன காரியம் பண்ணித் தொலைத்தேன் என்று தலையில் அடித்துக்கொள்ளவேண்டும்போல் இருந்தது.

"ஒரு சாட்சிக்கு இன்னொரு கையும் வேணும்," என்று அவரே தொடர்ந்தார். "உங்களைப்போல ஒராளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

இராஜேஸ்வரியின் முகம் மலர்ந்தது. கிறேஸ்! தோட்டத்தில் இவளுக்கு அடுத்த கைகாரி. மனசில் பட்டதைப் பட்டென்று சொல்கிறவள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவள், பொய் சொல்லமாட்டாள். அவள் கையுறையைப் போட்டு "அய்யோ சார், இறுக்கமா இருக்கு" என்று ஒரு கத்துக் கத்தினால் போதும். வில் தளர்ந்துவிடும், கத்தரி சரியாகிவிடும், இவள் ரகசியம் இவளோடு இருந்துவிடும். தன் மூளையை நினைத்து அவளுக்கே பெருமையாக இருந்தது.

ஆனால் கிறேஸைக் கிளப்புவது பெரும்பாடாகிவிட்டது. முதலில் தலைவலி என்றாள். பிறகு செபமாலைக் கூட்டம் என்றாள்.

"எனக்கு எதுக்குடி மெஷினு? நீயே போ."

"சுத்துற கதிரை இருக்குடி. கட்லெட் இருக்கு. வா கழுத!"

இழுத்துக்கொண்டுதான் போனாள். பஸ்ஸில் கிறேஸ் இரண்டு தரம் சிலுவை போட்டுக்கொண்டாள். சோதனைச் சாவடிக்குப் பயப்படுகிறாள் என்று இராஜேஸ்வரி நினைத்துக்கொண்டாள்.

அன்றைக்குப் பஸ் சுணங்கிவிட்டது. போய்ச்சேர பன்னிரண்டரை. மஹ்ரூப் கிறேஸுக்குக் கையுறையைப் போட்டு வயரைக் கொழுவிக்கொண்டிருக்கும்போதே மணிக்கூட்டைப் பார்த்தார்.

"சேர், ஜும்மா தொழுகைக்கு நேரமாகிட்டு. போய்ட்டு ஓடி வாறன்."

"போட்டு வாங்கோ, நான் பாக்கிறன்," என்றார் விவேகானந்தன். திரையில் கை வந்துவிட்டது. கத்தரியும் வந்துவிட்டது. எல்லாம் சரி என்று அவர் நினைத்தார்.

சரியில்லை. குமிழ்களை அமத்துவதற்கு என்று மேசையோரத்தில் தனியாக ஒரு சின்னப் பெட்டி உண்டு. அது வேலை செய்தால் அதில் பச்சை விளக்கு எரியும். ஜும்மா அவசரத்தில் மஹ்ரூப் அதைப் போட மறந்துவிட்டார். விவேகானந்தனின் கண் திரையில். ஆறு கிழமையாகத் திரையையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்துப் பிழைத்தவள் இராஜேஸ்வரி ஒருத்திதான். பச்சை இல்லை என்பதைக் கண்டுவிட்டாள். சொல்ல வாயைத் திறந்தாள்.

"படுதோ?" என்று அதற்குள் அவர் கேட்டுவிட்டார்.

"படுதுங்க சார்," என்றாள் கிறேஸ்.

இராஜேஸ்வரி திறந்த வாயை மூடவில்லை.

"கட்டை விரலில?"

"படுதுங்க."

"அடுத்த ரெண்டிலயும்?"

"நல்லா படுதுங்க."

"எவ்வளவு?"

கிறேஸின் கண் ஒரு தரம் திரைக்குப் போய்த் திரும்பியது. "நாலு இருக்கும்ங்க."

"சின்ன விரலில?"

கிறேஸ் விழித்தாள். சுண்டு விரலை ஆட்டிப் பார்த்தாள். மறுபடியும் ஆட்டினாள். "அது... அங்க மட்டும் ஒன்னும் படலைங்க சார்."

விவேகானந்தன் புருவத்தைச் சுருக்கினார். "புதினமாக் கிடக்கு," என்று குனிந்து எதையோ எழுதினார்.

இராஜேஸ்வரிக்கு ஒரு புதினமும் இல்லை. பளிச்சென்று விளங்கிவிட்டது. மெஷின் செத்துக் கிடக்கிறது. உணர்ச்சி உள்ள விரல், படவில்லை என்று உண்மையைச் சொல்லிவிட்டது. உணர்ச்சி இல்லாத மூன்று விரலுக்கும் கிறேஸ் பொய் சொல்கிறாள். அதே மூன்று விரல், அதே பொய், அதே நாலு.

அடிப்பாவி!

முதலில் வந்தது கோபம்தான். கூடவே சிரிப்பு வந்தது, அடக்க முடியாத சிரிப்பு. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள், அதற்குள்ளேயே அது அழுகையாகிவிட்டது. இந்தப் பைத்தியக்காரியும் காலையில் கண்ணாடியில் தேமலைத் தேடியிருப்பாளா? அந்தப் பக்கத்துச் சுவரில் சாய்ந்துகொண்டு இவளும் ஒற்றையாகவா பயந்துகொண்டிருந்தாள்?

இப்போது வாயை மூடிக்கொண்டு இருக்கலாம். இரண்டு பேரும் நாலு என்று சொல்லியாயிற்று. கட்லெட்டைத் தின்றுவிட்டுப் பஸ் ஏறலாம். யாருக்கும் தெரியாது. அடுத்த மாசம் முந்நூறு கத்தரி வரும். வாயைத் திறந்தால் இரண்டு பேர் மானமும் இந்த மேசையில் வந்து விழும். நாளைக்குத் தோட்டம் முழுக்கத் தெரியும், நாளன்றைக்குப் பீலியில் யாரும் தண்ணீர் பிடிக்கமாட்டார்கள். கிறேஸைப் பார்த்தாள். கிறேஸ் சிரித்த முகமாக, அடுத்த கேள்வி வரும் என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கத்தான் இராஜேஸ்வரியால் முடியவில்லை.

"சார், அந்தப் பொட்டியில லைட்டு எரியலைங்க."

விவேகானந்தன் திரும்பினார். பெட்டியைப் பார்த்தார். கையுறையைப் பார்த்தார். எழுதியதைப் பார்த்தார். கிறேஸின் முகத்தில் இரத்தமே இல்லை.

"அவள ஒன்னும் சொல்லாதீங்க," என்று இராஜேஸ்வரி குறுக்கே பாய்ந்தாள். "நானும் அப்படித்தான். ஆறு வாரமா உங்களுக்குப் பொய்தான் சொன்னேன். எனக்கு இந்த மூணு விரலும் செத்து ரெண்டு வருசமாச்சு. அந்தச் சிவப்பப் பாத்துப் பாத்துத்தான் நம்பர் சொன்னேன். அந்தக் கத்தரிய அடிக்கக் குடுக்காதீங்க சார், உங்களுக்குப் புண்ணியமா போகும். என்னப் பத்தித் தோட்டத்துல சொன்னாலும் சொல்லுங்க. பெரிய வியாதின்னா வியாதிதான், நான் ஆஸ்பத்திரிக்கே போயிர்றேன்."

கிறேஸ் கையுறையோடு எழும்பிவிட்டாள். "ரெண்டு வருசமாவாடி?" என்றாள்.

விவேகானந்தன் கத்தவில்லை. கதிரையில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"மூண்டு விரல் எண்டால் எந்த மூண்டு? சின்ன விரலுக்கு ஒண்டுமில்லையோ?"

"அது நல்லாத்தாங்க இருக்கு."

"உங்களுக்கு?"

"எனக்கும் அதே மூணுதாங்க," என்றாள் கிறேஸ். "உதறினா கொஞ்சம் தெளியும்."

அவர் எழும்பி அலுமாரியைத் திறந்து தடித்த புத்தகம் ஒன்றை எடுத்துவந்து விரித்தார். வெட்டிக் காட்டிய ஒரு மணிக்கட்டின் படம்.

"நான் டொக்டர் இல்லை. ஆனா கைபிடி செய்யிற ஆக்கள் முதல் படிக்கிற பாடமே இதுதான். இந்த இடத்தில ஒரு ஒடுக்கமான பாதை. அதுக்குள்ளால ஒரு நரம்பு போகுது. மணிக்கட்டை மடிச்சு மடிச்சு நாள் முழுக்க வேலை செய்தால் அது அமந்துபோகும். அமந்தால் மரக்கிறது கட்டை விரலும் அடுத்த விரலுகளும்தான். சின்ன விரலுக்கு வேற நரம்பு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதைப் படிச்ச நான்தான் உங்களிட்ட ஒரு நாளும் கேக்கேல்லை. சிவப்பை முன்னால வைச்சுக்கொண்டு படுதோ, படுதோ எண்டு கேட்டால் ஆர்தான் இல்லையெண்டு சொல்லுவினம்? பிழை என்ர."

மஹ்ரூப் தொப்பியோடு மாடியேறி வந்தார். மூன்று பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்ததைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன சேர்? யாழ்ப்பாணத்தால ஏதும் செய்தியா?"

அந்த வருசங்களில் யார் அழுதாலும் முதலில் வருகிற கேள்வி அதுதான். இல்லை என்று சொல்லி, பெட்டியைக் காட்டியதும் மனுசன் "யா அல்லாஹ்" என்று தலையில் கையை வைத்துக்கொண்டார். பிறகு கதை முழுவதையும் கேட்டுவிட்டு, கட்லெட் முழுவதையும் அந்த இரண்டு பேருக்கே கொடுத்துவிட்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் ஒரு டொக்டர் அம்மா இரண்டு பேர் மணிக்கட்டையும் விரலால் தட்டினார், ஊசியால் குத்தினார், மடக்கினார். நரம்புதான் என்றார். இரவில் கட்ட ஒரு பட்டி தந்தார். தேவைப்பட்டால் சின்ன ஒப்பரேஷன், அரை மணித்தியால வேலை என்றார். "நீங்க பயந்த வியாதியா இருந்தாலும் இப்ப அதுக்கு நல்ல மருந்துக் குளிசை இருக்கு. ஒளிச்சு வைக்கிறதுதான் கூடாது," என்று ஒரு ஏச்சும் ஏசினார். அந்த ஏச்சு இராஜேஸ்வரிக்குத் தேனாக இனித்தது. வெளியே வந்து வாகை மரத்தடியில் நின்று, ஒப்பாரி வைக்காத குறையாக அழுதாள். பாரம் இறங்கினால் இப்படியுமா அழுகை வரும் என்று அவளுக்கே ஆச்சரியம்.

அழுது முடித்ததும் சண்டை ஆரம்பமானது.

"ஒரே செவருடி! என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே நீ!" என்று இராஜேஸ்வரி தொடங்கினாள்.

"ஆமா, நீ வந்து சொல்லிக் கிழிச்ச! நான் எத்தனை நாள் ஜன்னல்கிட்ட வந்து வந்து திரும்பிப் போனேன்னு ஒனக்குத் தெரியுமா?"

"வந்தவ கூப்பிடறதுக்கு என்னா?"

"கூப்பிட்டா நீ தண்ணி குடிப்பியா என் வீட்டுல?"

இராஜேஸ்வரி மூக்கைச் சிந்திக்கொண்டு பஸ்ஸைப் பார்த்து நடந்தாள். பேராதனைச் சாவடியில் இறங்கி வரிசையில் நிற்கும்போதும் கிறேஸ் ஓயவில்லை. அட்டையைப் பார்த்த ஆமிக்காரப் பெண் என்ன தகராறு என்று சிங்களத்தில் கேட்டாள். "சகோதரிகள்" என்று இராஜேஸ்வரி அரைகுறைச் சிங்களத்தில் சொல்லிவைத்தாள். அந்தப் பெண் சிரித்துவிட்டு, பையைக் கிண்டாமலே போகச் சொன்னாள்.

புதன்கிழமை காலைப் பெரட்டில் வீரையா பெயர் வாசித்து முடித்ததும் இராஜேஸ்வரி முன்னால் வந்து நின்றாள். வலது கையைத் தூக்கி மூன்று விரலைக் காட்டினாள்.

"இந்த மூணு விரலும் மரத்துப்போனவங்க யாரு யாரு? வியாதி இல்ல, நரம்பு. எனக்கும் கிறேஸுக்கும் இருக்கு. டொக்டர் சொல்லியாச்சு. மறைக்காம கையத் தூக்குங்க."

வீரையா "என்னா தாயி இது, மல ஏற நேரமாச்சு" என்று ஆரம்பித்தார். கடைசி வரிசையில் ஒரு கை எழும்பியது. அப்புறம் நடுவில் ஒன்று. அப்புறம் ஓரத்தில் இரண்டு. பதினொரு கை. வீரையாவின் பெண்சாதி கையும் அதில் ஒன்று. அவர் புத்தகத்தை மூடிவிட்டு அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த வெள்ளிக்கிழமை பதினொரு பேரும் மாடியேறினார்கள். விவேகானந்தன் வில்லின் இறுக்கத்தைப் பாதிக்குக் குறைத்து, பிடியை வளைத்து, மணிக்கட்டு மடியாதபடி மாற்றி வரைந்து வைத்திருந்தார். யாரும் சிவப்பைப் பார்த்துச் சொல்லாதபடி திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டார். மஹ்ரூப் பெட்டியின் வயரை மூன்று தரம் பிடுங்கிக் கொழுவிப் பார்த்தார்.

முதலில் உட்கார்ந்தது வீரையாவின் பெண்சாதி. வாழ்நாளில் எந்தச் சார் முன்னாலும் நிமிர்ந்து பேசாத மனுசி.

"கட்டை விரலில படுதோ அம்மா?"

அவள் இராஜேஸ்வரியைத் திரும்பிப் பார்த்தாள். இராஜேஸ்வரி தேத்தண்ணீர்க் கோப்பைகளை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள்.

"இல்லைங்க சார்," என்றாள் அவள். "படல."

விவேகானந்தன் எழுதினார். "நல்லது அம்மா. அடுத்தாள் வாங்கோ."

அடுத்தவள் உட்கார்ந்தாள். இல்லைங்க என்றாள். அதற்கடுத்தவள் கேள்வி முடிவதற்குள்ளேயே, படலைங்க சார், கொஞ்சம்கூடப் படல என்றாள். பின்னால் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். இராஜேஸ்வரி தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு சாரின் முகத்துக்கு நேரே இத்தனை பொம்பளைகள் இத்தனை சத்தமாக இல்லை என்று சொல்லி அவள் அதுவரைக்கும் கேட்டதில்லை.